உணவுக்கு முன்னா, பின்னா? வீடற்ற படைவீரர்களைத் தேடிச் செல்லும் சாப்ளின்கள் குறித்து

ஒலிவக்கிளை:
அமெரிக்காவில் தெருவில் வாழும் முன்னாள் படைவீரர்களிடம் செல்லும் கிறிஸ்தவச் சாப்ளின்கள் (படைவீரர் போன்றோருக்கு ஆன்மத் துணை நிற்கும் மதகுருக்கள்) "உணவுக்கு முன் ஜெபம் செய்யச் சொல்லி, பசியைத் தூண்டிலாக்கி ஆள் பிடிக்கிறார்கள்" என்று கடற்காகம் நேற்று எழுதியிருந்தார். அதைப் படித்தபின் எனக்கு இரவு முழுவதும் தூக்கமில்லை. பதினொரு ஆண்டுகளாக ஒரு சாப்ளினோடு தன்னார்வலராகப் பாலங்களுக்கு அடியில் நடந்தவள் நான். முதலில் நாங்கள் நீட்டுவது காலுறையும் போர்வையும். அடுத்து, எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள் என்ற கேள்வி. அதன் பிறகு, டிடி-214 என்று அவர்கள் சொல்லும் பணிவிடுப்புச் சான்று தொலைந்திருந்தால் அதற்கு விண்ணப்பம் எழுதுவோம். அவராகக் கேட்டால் மட்டுமே ஜெபம்.

கடற்காகம்:
அம்மா, நான் கேட்டது ஒன்றே ஒன்று: உணவுக்கு முன்னா, பின்னா? அரசின் நேரடி நிதியில் நடக்கும் திட்டமென்றால் வழிபாடு வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ நடக்க வேண்டும், அதில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்பது கூட்டரசின் விதி. வியட்நாமில் போரிட்ட என் மாமனார், ஒரு விடுதியில் அரை மணி நேரப் பிரசங்கம் முடிந்த பிறகே தமக்குத் தட்டு நீட்டப்பட்டதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிக் குமுறினார்.

ஒலிவக்கிளை:
அது விடுதி, சாப்ளின் அல்ல. யாரோ ஒருவர் செய்த அவமதிப்பை எங்கள் எல்லோர் தலையிலும் ஏற்றாதீர்கள்.

கடற்காகம்:
பிரசங்கம் செய்தவர் தம்மைச் சாப்ளின் என்றுதான் சொல்லிக்கொண்டார். முன்னா, பின்னா?

கருங்கல்:
இருவரும் எண்ணிக்கையைப் பார்க்க மறுக்கிறீர்கள். ஓரிரவுக் கணக்கெடுப்பின்படி 2010-இல் 74,087 படைவீரர்கள் வீடின்றி இருந்தார்கள். 2024 ஜனவரியில் அது 32,882. வீட்டுவசதித் துறை வாடகைக்கு உதவியாகத் தரும் வவுச்சரையும் படைவீரர் நலத்துறையின் சமூகப் பணியாளரையும் ஒன்றாக இணைத்த திட்டம் 2008 முதல் பெரிதாக விரிந்ததால் வந்த பலன் இது. ஜெபத்தால் ஒரு கதவும் திறக்கவில்லை.

ஒலிவக்கிளை:
ஐயா, அந்த வவுச்சரை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. எத்தனையோ பேரை அந்த அலுவலகத்தின் வாசல்வரை கைபிடித்து அழைத்துச் சென்றவள் நான். ஆனால் சாவி கையில் கிடைத்த பிறகும் கட்டிலில் படுக்க மனமின்றி மூன்று மாதம் தரையில் படுத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தாம் செய்த ஒன்றுக்காகத் தமக்கு வீடு தகாது என்று அவர் நம்பினார். மனநல ஆய்வாளர்கள் இத்தகைய காயத்தை, அச்சத்தால் வரும் நோயிலிருந்து வேறானதாக, மனசாட்சியின் காயமாகவே பார்க்கிறார்கள். "எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று நள்ளிரவில் கேட்பவருக்கு எந்த விண்ணப்பப் படிவம் பதில் சொல்லும்? இழிவான முறையில் பணிநீக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் நலத்துறையின் உதவியும் மறுக்கப்படுகிறது. அவர்கள் அருகில் உட்காரச் சாப்ளின் எந்தச் சான்றும் கேட்பதில்லை.

மெழுகுவர்த்தி:
சகோதரி, உங்கள் பணி பெரிது. ஆயினும் "ஜெபம்" என்று எழுதுகிறீர்களே, "செபம்" அல்லவா தமிழ்?

ஒலிவக்கிளை:
எங்கள் வேதாகமத்தில் ஜெபம்தான். உங்கள் சபை வழக்கத்தை என்மீது திணிக்க வேண்டாம்.

மெழுகுவர்த்தி:
திணிப்பது யார் என்பதைத்தானே இங்கே எல்லோரும் விவாதிக்கிறார்கள்? கத்தோலிக்க ஆன்ம குருக்களும் அதே பாலங்களுக்கு அடியில் நடக்கிறார்கள் என்பதை நீங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

கருங்கல்:
1988-இல் சான் டியேகோவில் வீடற்ற வீரர்களுக்காக முதல் "ஸ்டாண்ட் டவுன்" முகாமை நடத்தியவர்கள் வியட்நாம் வீரர்கள். களத்திலிருந்து திரும்பும் படைக்கு ஓய்வும், சுத்தமான உடையும், சூடான உணவும் கொடுக்கும் வழக்கத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தோழனைத் தோழன் மீட்டான். மதத்துக்கு முன்வரிசை கேட்காதீர்கள்.

ஒலிவக்கிளை:
சாப்ளினும் தோழன்தான். 1943 பிப்ரவரி 3 அன்று கிரீன்லாந்துக்கு அருகில் டார்செஸ்டர் கப்பல் மூழ்கியபோது தங்கள் உயிர்காப்புச் சட்டைகளைக் கழற்றி வீரர்களிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கிய நான்கு சாப்ளின்களை மறந்துவிட்டீர்களா? அந்த மரபில் நடக்கிறவர்களைத் தூண்டில்காரர்கள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கடற்காகம்:
அந்த நால்வரில் ஒருவர் யூத ரபி. அவர்களில் யாரும் சட்டையைக் கொடுக்கும் முன் வாங்குகிறவனிடம் உன் மதம் என்ன என்று கேட்கவில்லை. நான் நேற்றிலிருந்து சொல்வதும் இதையேதான். முன்னா, பின்னா?

ஒலிவக்கிளை:
பதினொரு ஆண்டுகளில் நான் ஏந்திச் சென்ற ஒரு சூப் கிண்ணமும் ஜெபத்துக்காகக் காத்திருந்து ஆறியதில்லை. இதே கேள்வியை மூன்று முறை கேட்டு இதை எழுதவைத்துவிட்டீர்கள். உங்கள் மாமனாருக்கு நேர்ந்ததற்கு அந்த விடுதிக்காரர் பதில் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

கடற்காகம்:
அவர் சொல்லவில்லை, மாமனாரும் இப்போது இல்லை. கேட்பதற்கு நான் மட்டும் இருக்கிறேன், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.