ஸோலாவும் செசானும்: நட்பை முறித்தது ஒரு நாவல்தானா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஓவியர் பால் செசானைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் ஒரே செய்தி மாறாமல் வருகிறது. அவருடைய இளமைத் தோழர் எமில் ஸோலா, 1886இல் வெளிவந்த ‘லெவ்ர்’ (படைப்பு என்று பொருள்) நாவலில், முடிக்க முடியாத தன் ஓவியத்தின் முன்னே தூக்கிட்டுக்கொள்ளும் க்ளோத் லாந்தியே என்ற ஓவியனைப் படைத்தார் என்றும், அந்த ஓவியன் தாமே என்று கருதிய செசான் நாவலை அனுப்பியதற்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, அத்தோடு உறவை அறுத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். தென் பிரான்ஸின் ஏக்ஸ் நகரப் பள்ளியில், தந்தையை இழந்து மற்ற மாணவர்களின் கேலிக்கு ஆளாகியிருந்த ஸோலாவின் பக்கம் நின்று அடி வாங்கியவர் செசான். மறுநாள் ஒரு கூடை ஆப்பிள்களோடு ஸோலா தம்மைத் தேடி வந்ததாகச் செசானே முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படித் தொடங்கிய நட்பை ஒரு நாவல் முறித்துவிடுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

வணக்கம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். இந்தக் கதைக்கு அடிப்படையாக இருப்பது 1886 ஏப்ரல் 4 அன்று செசான் எழுதிய சில வரிக் கடிதம். ‘அன்புள்ள எமில்’ என்று தொடங்கும் அவர், அடுத்த வரியிலேயே நண்பரைப் படர்க்கைக்கு மாற்றி, ஒரே குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘ரூகோன்-மக்கார்’ நாவல் வரிசையின் ஆசிரியருக்கு நன்றி கூறி, கடந்துபோன ஆண்டுகளை நினைத்தபடி அவருடைய கையைப் பற்ற அனுமதி கேட்கிறார். இந்தத் தொனியைத்தான் பின்னால் வந்தவர்கள் விடைபெறுதலாகக் கேட்டார்கள். ஆனால் 2013இல் ஏலத்துக்கு வந்த மற்றொரு கடிதம் அந்த முடிவைத் தகர்த்துவிட்டது. 1887 நவம்பர் 28 என்று நாளிடப்பட்ட அதில், ஸோலா தம் ‘லா தேர்’ (நிலம் என்று பொருள்) நாவலை அனுப்பியதற்காகச் செசான் நன்றி சொல்கிறார். அதை ரூகோன்-மக்கார் குடும்ப மரத்தில் முளைத்த புதிய கிளை என்று வாழ்த்தி, ஸோலா ஊர் திரும்பியதும் நேரில் வந்து கைகுலுக்குவதாகவும் எழுதுகிறார். உறவை அறுத்துக்கொண்டவர் ஓராண்டுக்கும் மேல் கழித்து இப்படி எழுதியிருக்க மாட்டார்.

அதோடு, லாந்தியே செசான் ஒருவரை மட்டும் பார்த்து வரையப்பட்டவனும் அல்லன். நாவலுக்காக ஸோலா எழுதிவைத்த முன்குறிப்புகளில் ஓவியர் மானேயின் பெயரும் இருக்கிறது. நாவலைப் படித்துக் கலங்கி உடனே ஸோலாவுக்கு எழுதியவர் மற்றோர் ஓவியரான மொனே. புதிய பாணியில் வரைந்த தங்களை எதிர்ப்பவர்கள் இதை ஆயுதமாக்கிக்கொள்வார்களே என்பது அவருடைய கவலை.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. 1887ஆம் ஆண்டுக் கடிதத்தை நான் அறிந்திருக்கவில்லை. அப்படியானால் அவர்கள் விலகிப்போனதற்கு வேறு என்ன காரணம் இருந்திருக்கும்?

மறுமொழி 2:

நாவலைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். முதலில் ஸோலாவின் நல்ல மனத்தைச் சொல்லிவிட வேண்டும். 1866இல் தம் ஓவிய விமரிசன நூலைச் செசானுக்கே காணிக்கையாக்கியவர் அவர். 1878இல், செசானுக்கு ஓர்தான்ஸ் ஃபிக்கே என்ற துணைவியும் மகனும் இருப்பதைத் தெரிந்துகொண்ட செசானின் வங்கியாளரான தந்தை மகனுக்குத் தரும் பணத்தைக் குறைத்தபோது, மாதந்தோறும் 60 பிராங்க் அனுப்பி அந்தக் குடும்பத்தைக் காத்தவரும் அவரே. ஆனால் பாரிஸுக்கு அருகிலுள்ள மெதானில் வீடு வாங்கிப் புகழின் உச்சிக்கு ஸோலா போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நண்பரின் ஓவியத்தில் அவருக்கிருந்த நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. 1895 இறுதியில் பாரிஸில் ஓவிய வணிகர் வொல்லார் ஏற்பாடு செய்த முதல் தனிக் கண்காட்சியால் செசானின் பெயர் எழுந்த பிறகும், 1896 மே மாதம் ஃபிகாரோ நாளிதழில் ஸோலா அவரை ‘முழுமை பெறாது போன பெரும் ஓவியர்’ என்ற பொருளில் குறிப்பிட்டார். நாவலில் இருப்பதைக் கற்பனை என்று கடந்துவிடலாம். சொந்தப் பெயரைச் சுட்டி நாளிதழில் எழுதியதை அப்படிக் கடக்க முடியாது. 1898இல், உளவு பார்த்ததாகப் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட யூதப் படை அதிகாரி ட்ரேஃபுஸின் வழக்கில், ஸோலா அவர் பக்கமும் செசான் எதிர்ப்பக்கமும் நின்றது அதன் பிறகு நடந்தது.

மறுமொழி 3:

மேலே சொன்னதற்கு வலுச்சேர்க்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் ‘அறியப்படாத தலைசிறந்த படைப்பு’ என்னும் கதையில், பத்தாண்டுகள் உழைத்தும் வெறும் வண்ணக் குழப்பத்தையே தீட்டிய ஃப்ரென்ஹோஃபர் என்ற ஓவியர் வருகிறார். இளம் ஓவியர் எமில் பெர்னார் அந்தக் கதையைப் பற்றிப் பேசியபோது, செசான் எழுந்து நின்று தம் மார்பைத் தொட்டுக் காட்டி, அந்த ஓவியர் தாமே என்று கண்ணீரோடு உணர்த்தினாராம். கதையில் வரும் தோற்ற ஓவியரிடம் தம்மைக் காணத் தயங்காதவர் அவர். அதே தீர்ப்பு தம் தோழரின் வாயிலிருந்து வந்ததுதான் அவரை வருத்தியிருக்க வேண்டும்.

1902 செப்டம்பரில் ஸோலா இறந்த செய்தி ஏக்ஸ் நகரை எட்டியபோது, செசான் ஓவியக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு அழுதார். 1906இல் அந்த நகரின் மெழான் நூலகத்தில், பள்ளித் தோழர் சொலாரி வடித்த ஸோலாவின் மார்பளவுச் சிலையைத் திறந்துவைத்தார்கள். மற்றொரு பழைய நண்பர் அவர்களுடைய இளமைக் காலத்தைப் பற்றிப் பேசப் பேச, கூட்டத்தில் இருந்த செசான் விம்மி அழுதார். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் இறந்தார்.