நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு மயிரிழை: பல நிற வினைல் ஒட்டிய அனுபவங்கள்

மகளின் தண்ணீர் பாட்டிலில் ஒட்ட மீன்கொத்தி ஒன்று வெட்டினேன். முதுகு நீலம், வயிறு ஆரஞ்சு, கழுத்தில் வெள்ளைத் திட்டு, அலகும் கண்ணும் கறுப்பு. ஆக நாலு நிறம், நாலு வினைல் ஷீட். வினைல் என்பது ஸ்டிக்கர் போல அடியில் பசையுள்ள பிளாஸ்டிக் தாள், பசையை மூட ஒரு பின்தாளோடு வரும். வெட்டும் வேலையை மெஷின் சுத்தமாக முடித்துக் கொடுத்தது. ஒட்டும்போதுதான் பிரச்சினை. நீலமும் ஆரஞ்சும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை அகலத்துக்கு பாட்டிலின் எவர்சில்வர் பளிச்சென்று தெரிந்தது. பிரித்து மறுபடி வெட்டி ஒட்டினேன். இந்த முறை வால் பக்கம் சரியாக வந்தது, தலைப் பக்கம் இடைவெளி. மூன்றாவது முறையும் அதே கதை.

கை சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஸ்கேலை எடுத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரே இடத்தில் இரண்டு சின்ன முக்கோணங்கள் வைத்திருந்தேன், நிறங்களை ஒன்றோடொன்று பொருத்த வைக்கும் குறி, ரெஜிஸ்ட்ரேஷன் மார்க் என்பார்களே, அதுதான். இரண்டுக்கும் நடுவே 80 மி.மீ. வெட்டும்போது ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும் பசைப் பலகையான மேட்டில் இருக்கும்போது நீலத்திலும் 80, ஆரஞ்சிலும் 80. வெட்டிய துண்டுகளை அப்படியே எடுத்து ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப்பில் ஏற்றிய பிறகு ஆரஞ்சில் மட்டும் 80.5. அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? நான் இழுத்த இழுப்பில் வந்தது. டேப்பைப் பிடித்து வினைலைப் பின்தாளிலிருந்து வெடுக்கென்று தூக்கியிருக்கிறேன். நாம் பயன்படுத்தும் சாதாரண வினைல் பெரும்பாலும் 0.06 முதல் 0.08 மி.மீ. தடிமன்தான். அதுவும் மெல்லிய பட்டையாக இருக்கும் இடத்தில் இழுத்தால் நீளாமல் என்ன செய்யும்?

இப்போது தலைகீழாகச் செய்கிறேன். டேப்பை மேஜைமேல் முகம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, பின்தாளைத்தான் உரிக்கிறேன். நேராக மேலே தூக்காமல், தாளை அதன்மேலேயே மடித்தாற்போல் பின்னோக்கி, மெதுவாக. வினைல் இருந்த இடத்திலேயே இருக்கும், தாள் மட்டும் வரும். இந்த ஒரு மாற்றத்திலேயே என் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதி டிசைனிலேயே இருந்தது. ஆரஞ்சும் நீலமும் ஒன்றின் ஓரம் இன்னொன்றின் ஓரத்தைத் துல்லியமாகத் தொடும்படி வரைந்திருந்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மலிவு ரக வினைலை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத்தான் தகடாக்குகிறார்கள். அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடுவதால் நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கப் பார்க்கும். இன்று இடைவெளியே இல்லாமல் ஒட்டினாலும் பின்னால் கோடு விட்டுவிடும். அதனால் ஆரஞ்சை நீலத்துக்கு அடியில் 1 மி.மீ. உள்ளே போகும்படி ஆஃப்செட் கொடுத்து நீட்டினேன். அச்சுத் தொழிலில் இதற்கு டிராப்பிங் என்று பெயர். வெளிர் நிறத்தைத்தான் அடர் நிறத்துக்கு அடியில் நீட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் அடர் நிறம் மேலே உள்ள வெளிர் நிறத்தின் வழியாகக் கருநிழல் போலத் தெரியும். நாலு ஷீட்டையும் ரோலில் ஒரே திசையில் வைத்து வெட்டுவதும் நல்லது, சுருங்கினாலும் எல்லாம் ஒரே பக்கமாகச் சுருங்கும்.

அடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாட்டில்மேல் ஒவ்வொரு நிறமாக ஒட்டாதீர்கள். வளைவில் குறிகள் பொருந்தவே பொருந்தாது. மேஜையிலேயே முழுப் படத்தையும் அடுக்கிவிடுங்கள், மேலிருந்து கீழாக. முதலில் கறுப்பை டிரான்ஸ்ஃபர் டேப்பில் எடுத்தேன். நீலம் தன் பின்தாளிலேயே மேஜையில் கிடக்கிறது. அதன்மேல் வெட்டிப்போட்ட வினைலின் பின்தாள் ஒரு துண்டை, மழமழப்பான பக்கம் மேலே இருக்க வைத்து, முக்கோணங்களை மட்டும் மூடாமல் விட்டேன். கறுப்பைத் தாங்கிய டேப்பை மேலே பிடித்து, முக்கோணத்தின்மேல் முக்கோணம் உட்கார்ந்ததும் அங்கே மட்டும் விரலால் அழுத்தினேன். மற்ற இடமெல்லாம் தாளின்மேல் வழுக்கிக்கொண்டிருக்கும், ஒட்டாது. ஒரு கையால் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ, இன்னொரு கையால் பின்னாலேயே ஸ்குவீஜியால் (அழுத்தித் தேய்க்கும் தட்டையான துண்டு) தேய்த்துக்கொண்டு போனேன். பிறகு நீலத்தின் பின்தாளை உரித்தால் கறுப்பும் நீலமும் ஒன்றாக டேப்பில். அடுத்து ஆரஞ்சு, கடைசியில் வெள்ளை. குறிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் தெளிவான டேப்தான் இதற்குச் சரி. டேப்பின் பசை அதிகமாக இருந்தால் ஒருமுறை துணியில் ஒட்டி எடுங்கள்.

கடைசியில் முக்கோணங்கள் நாலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னக் கட்டி போல நிற்கும். அதை ட்வீசரால் எடுத்துவிட்டுத்தான் பாட்டிலில் ஒட்ட வேண்டும்.

இன்னொன்று. குறிகளைப் படத்தோடு அட்டாச் செய்யாமல் வெட்டக் கொடுத்தால், ஷீட்டை மிச்சப்படுத்துவதற்காக மென்பொருள் குறிகளை வேறு மூலைக்கு நகர்த்திவிடலாம். எனக்கு ஒரு முழு ஷீட் அப்படிப் போனது.

* * *

வாசகர் ஒருவர்: அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா. நான் சூடாக அழுத்தி ஒட்டும் டி-ஷர்ட் வினைலில்தான் அதிகம் வேலை செய்கிறேன். அங்கே இழுப்புக்குப் பதில் சூடு. முதல் நிறத்துக்கு முழு நேரமும் அழுத்தம் கொடுத்துவிட்டு இரண்டாவது நிறத்தை மேலே வைத்தால் ஓரமெல்லாம் எட்டாமல் நிற்கும். சூட்டில் அடியில் இருக்கும் நிறம் சுருங்கிவிடுகிறது. இது தெரியாமல் தங்கையின் பிறந்தநாள் சட்டையில் ஒரு பூவின் இதழும் அதன் ஓரக்கோடும் ஆளுக்கொரு பக்கமாக நின்றன. கொடுக்கும் முந்தின இரவு அது. அழுகையே வந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு மூன்று விநாடிதான், பிடிப்பு வந்தால் போதும். மேலே சூடு தாங்கும் டெஃப்லான் ஷீட் மூடி அடுத்த நிறம். கடைசி நிறத்துக்கு மட்டும்தான் முழு நேரம். கிளிட்டர் வினைல் இருந்தால் அது எப்போதும் உச்சியில்தான் இருக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பின்மேல் வேறு எதுவும் பிடிக்காது. கண்ணாடிப் பிம்பமாக, மிரர் போட்டு வெட்ட எல்லா நிறத்துக்கும் மறக்காதீர்கள். நாலில் ஒன்றை மறந்தாலும் படம் சேராது.

* * *

இன்னொரு வாசகர்: எனக்குக் கைகொடுத்தது ஈர முறை. வீட்டுக் கதவின் கண்ணாடியில் இரண்டடி அகலத்துக்கு ஒரு மரம், மூன்று நிறம். அவ்வளவு பெரிய ஷீட் ஒருமுறை கண்ணாடியைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான், நகர்த்த முடியாது. ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு கலந்து கண்ணாடியை நன்றாக நனைத்தேன். வினைல் மிதந்துகொண்டிருக்கும், குறியோடு குறி சேரும்வரை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்குவீஜி போட்டுத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

பொறுமைதான் இதில் கஷ்டம். நான் அரை மணி நேரம் விட்டுத்தான் டேப்பை எடுத்தேன், அப்போதும் ஒரு கிளை கூடவே எழும்பியது. அதை மறுபடி அழுத்திவிட்டு இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தேன். இந்த முறைக்குக் காகித டேப் நல்லது, ஈரம் அதன் வழியே வெளியேறும். தெளிவான பிளாஸ்டிக் டேப் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். காகித டேப்பில் குறி தெரியாதே என்றால், டேப்பைக் குறியின் ஓரம்வரை கத்தரித்துவிட்டுக் குறியை வெளியே விடுங்கள்.

* * *

மற்றொரு வாசகர்: ஒரு சந்தேகம். நான் உரிக்கும் முன்பே, மேட்டிலேயே அளவு வித்தியாசம் வந்தது. ஒரு நிறம் 120 மி.மீ., இன்னொன்று 119.

* * *

என் பதில்: அப்படியானால் இழுப்பு காரணமில்லை. மேட்டின் பசை போயிருக்கும், வெட்டும்போது ஷீட் நகர்ந்திருக்கும். சோப்பும் தண்ணீரும் கொண்டு மேட்டைக் கழுவிக் காயவைத்து, ஓரங்களில் மாஸ்கிங் டேப் போட்டு, 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டிப் பாருங்கள். நாலு பக்கமும் 100 வந்தால் மெஷின் சரி. ஒரே திசையில் எப்போதும் குறைந்தால்தான் மெஷினின் அளவுச் சீரமைப்பைப் பார்க்க வேண்டும். அதோடு ஒரு படத்தின் எல்லா நிறத்தையும் ஒரே மேட்டில், ஒரே நாளில் வெட்டிவிடுங்கள். பின்தாள் காகிதமாக இருந்தால் காற்றின் ஈரத்தில் அதுவும் கொஞ்சம் விரியும்.

நாலாவது மீன்கொத்தி பாட்டிலில் உட்கார்ந்துவிட்டது, கோடே இல்லை. கண்ணில் வரும் வெள்ளைப் புள்ளி 1.5 மி.மீ.தான். அதைத் தனியாக வெட்டி மூன்று முறை தொலைத்தேன். இந்த முறை அதை வெட்டவே இல்லை. கழுத்து வெள்ளையைக் கண்ணின் அடிவரை நீட்டி, நடுவில் இருக்கும் நிறங்களிலும் கறுப்பிலும் அந்த இடத்தில் துளை விட்டேன். கறுப்பில் 1.5 மி.மீ., அதற்கு அடியில் இருப்பவற்றில் கொஞ்சம் பெரிதாக. கீழே இருக்கும் வெள்ளையே கண்ணின் புள்ளியாக எட்டிப் பார்க்கிறது.