46 கிலோ நான், 90 கிலோ ஆளுக்கு வைத்த ஷாக் அப்சார்பர்: எங்கிருந்து இறக்குவது?

காசிமேடு_300

கவாசாகி நிஞ்ஜா 300 பைக், 2015 மாடல். மூன்று மாதத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான் 46 கிலோ, உயரம் 5 அடி 1. விற்ற அண்ணன் என்னைப் போல இரண்டு ஆள் இருப்பார். பின்னால் கம்பெனி ஷாக்கை எடுத்துவிட்டு வேறு ஒன்று மாட்டியிருக்கிறார். அதில் பிரீலோட் காலரும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையம்), கீழே ரீபவுண்ட் திருகும் (அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தை மாற்றுவது) இருக்கின்றன. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் திருக ஒன்றுமே இல்லை.

தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாக மணலிக்கு வேலைக்குப் போகிறேன். கண்டெய்னர் லாரி போய்ப்போய் ரோடு அப்பளம் மாதிரி ஆன இடங்கள் உங்களுக்கே தெரியும். முதல் மேட்டில் வால் தூக்கி அடிக்கிறது. வரிசையாக நாலு மேடு வந்தால் நாலாவது மேடு முதுகெலும்பில் நேராக இறங்குகிறது. நான் வண்டி ஓட்டவில்லை, வண்டிமேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஷெட்டில் கேட்டால், "வெயிட் போடும்மா, சரியாயிடும்" என்கிறார்கள். ஷாக்கை எனக்கு ஏற்ற மாதிரி வைக்க எங்கே ஆரம்பிப்பது?

டயர்தின்னி

டயரில் காற்றைக் குறை. இரண்டிலும் 20 பி.எஸ்.ஐ. வை, மெத்தை மாதிரி போகும்.

வியாசை_ஸ்பேனர்

தங்கச்சி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதே. அந்த ரோட்டுப் பள்ளத்தில் 20 பிரஷரில் இறங்கினால் ரிம் நெளியும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைப் பிடி. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நானும் 52 கிலோதான். இருபது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன், இந்த "வெயிட் போடு" வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் அளவு எடு. தையல் டேப் போதும். கூட இரண்டு பேர் வேண்டும். பின் சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, வாலில் ஓர் இடத்தில் டேப் ஒட்டிக் குறி வை. சக்கரம் தரையை விட்டுத் தூக்கி நிற்கும்போது அச்சிலிருந்து அந்தக் குறி வரை ஓர் அளவு. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது ஓர் அளவு. நீ ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, கால் இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காரும்போது ஓர் அளவு. இந்த உடுப்பெல்லாம் சேர்ந்து ஏழு கிலோ வரும், உன் எடைக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டை அமுக்கி மெல்ல விட்டு ஒன்று, தூக்கி மெல்ல விட்டு ஒன்று என்று எடுத்து, இரண்டுக்கும் நடுவைப் போடு. ஷாக்குக்குள் இருக்கும் ரப்பர் சீலின் உரசல் அளவை ஏமாற்றும்.

முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் நீ ஏறினால் உட்காரும் அளவு, அதாவது ரைடர் சேக். ரோட்டில் ஓட்டுகிற ஸ்போர்ட் வண்டிக்குப் பின்னால் 30லிருந்து 35 மி.மீ. வந்தால் நல்லது. இரண்டாவதைக் கழித்தால் வண்டி மட்டும் உட்காரும் அளவு. அது 5லிருந்து 10 இருக்கலாம். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க ஷாக்கில் நீளமே மிச்சம் இருக்காது. அதுதான் உன் வால் தூக்கல் என்று நினைக்கிறேன்.

வரிசை மேட்டில் போகப் போக மோசமாவது வேறு கதை. ரீபவுண்ட் இறுகியிருந்தால் ஷாக் அமுங்கியது திரும்பி எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அப்படியே குறுகிக்கொண்டே போய், நாலாவது மேட்டில் கட்டை மாதிரி ஆகிவிடும். அந்தத் திருகை வலது பக்கம் முழுக்க மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணு. வன்மையாக இறுக்காதே, மெல்ல முட்டினால் போதும்.

எண்களைப் போடு. காலரைத் தொடாதே.

காசிமேடு_300

அண்ணா, அளந்தோம். தம்பி டேப் பிடித்தான், அப்பா வண்டியைப் பிடித்தார், நான் பொம்மை மாதிரி உட்கார்ந்தேன். தூக்கி 562 மி.மீ. தரையில் 560. நான் ஏறி 546. ரீபவுண்ட், மூடிய இடத்திலிருந்து 4 கிளிக்தான் திறந்திருக்கிறது.

வியாசை_ஸ்பேனர்

வண்டி மட்டும் உட்காருவது 2 மி.மீ., நீ ஏறினால் 16. அவருக்குத் தைத்த சட்டையை நீ போட்டிருக்கிறாய்.

காலரைத் தளர்த்தலாம், அதாவது ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும் பக்கம் திருப்பலாம். ஆனால் நீ கடலோரம், உப்புக்காற்று. காலரின் திருகு இழையில் வெள்ளை பூத்திருக்கும். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடு. மேலே காலரைப் பூட்டி வைத்திருக்கும் லாக் ரிங்கை முதலில் தளர்த்து. கொக்கி மாதிரி வளைந்த சி ஸ்பேனர் போடு. ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டினால் காலரின் பல் போய்விடும், அப்புறம் ஷாக்கையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளந்துகொள். ஷாக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நெம்புகோல் மாதிரி லிங்க் வைத்த வண்டியில் காலர் 1 மி.மீ. தளர்ந்தால் சக்கரத்தில் இரண்டுக்கு மேல் தெரியும். 5 மி.மீ. தளர்த்தி மறுபடி அள. ரீபவுண்டை 8 கிளிக் ஆக்கு. ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதே. இன்று காலர், நாளை அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிவிட்டு ரீபவுண்ட். நோட்டில் எழுதிவை.

தளர்த்தியதும் மூன்று விஷயம். ஹெட்லைட் மேலே தூக்கும், திருத்து. செயின் தளர்ச்சியைப் பார். சைடு ஸ்டாண்டில் வண்டி முன்பைவிட நேராக நிற்கும், சரிவில் நிறுத்தினால் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும்.

எண்ணூர்_ஷிஃப்ட்

அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பலர் பிரீலோடைக் குறைத்தால் ஸ்பிரிங் மிருதுவாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், உட்காருகிற உயரம்தான் மாறும்.

காசிமேடு_300

முதல் நாள் காலர் மட்டும். இப்போது வண்டிக்கு 13, எனக்கு 27. சீட் தாழ்ந்து, இரண்டு காலும் நன்றாக ஊன்றுகிறது. அதற்கே எனக்குப் பாதி சந்தோஷம். மறுநாள் ரீபவுண்ட் 8. எர்ணாவூர் பக்கம் நாலு மேட்டிலும் ஒரே மாதிரி போனேன், நாலாவதில் அந்தக் குத்து இல்லை. வால் இன்னும் கொஞ்சம் துள்ளுகிறது.

சைடு ஸ்டாண்ட் விஷயம் சொன்னீர்கள், கேட்டேனா? மீன் வாங்கப் போய்ச் சரிவில் நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற ஐஸ் பெட்டிதான் தாங்கிப் பிடித்தது.

வியாசை_ஸ்பேனர்

ஐஸ் பெட்டிக்கு ஒரு கும்பிடு போடு.

கணக்கைப் பார். உனக்கு இன்னும் 30 வரவில்லை, அதற்குள் வண்டி மட்டும் 13 உட்கார்ந்துவிட்டது. காலரை இன்னும் தளர்த்தினால் வண்டி தானாகவே தொங்கும். இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: ஸ்பிரிங்கே அவர் எடைக்கு வாங்கியது. மிருதுவான ஸ்பிரிங் தனியாகக் கிடைத்தால் மாற்று. கிடைக்காவிட்டால் இந்த 27லேயே ஓட்டு, தப்பில்லை. ரீபவுண்டை இன்னும் இரண்டு கிளிக் திறந்து பார். அது அதிகமாகிவிட்டால், சீட்டை அமுக்கி விடும்போது எழுந்து நிற்காமல் மறுபடி ஆடும். அங்கிருந்து ஒரு கிளிக் மூடு.

முன்னால், ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி, காலி ரோட்டில் நன்றாக பிரேக் பிடி. டை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார். பாதியிலேயே நின்றால் அவர் கெட்டியான ஆயில் ஊற்றியிருக்கலாம். வடித்துவிட்டு மேனுவலில் உள்ள ஆயிலை, அதில் சொன்ன உயரத்துக்கு ஊற்று. உள்ளே ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிற ஸ்பேஸர் குழாயை அறுப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு ஃபோர்க்கிலும் ஒரே அளவு அறுக்க வேண்டும், அறுத்தால் ஒட்டாது.

காசிமேடு_300

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அப்பாவைப் பின்னால் வைத்து மீன் ஏலத்துக்குப் போவேன். அவர் 78 கிலோ. ஒவ்வொரு தடவையும் டேப் பிடிக்க வேண்டுமா?

வியாசை_ஸ்பேனர்

வேண்டாம். காலர் இப்போது நிற்கிற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடு. அப்பா ஏறும் நாளில் அவரை உட்காரவைத்து ஒரு தடவை அளந்து காலரை இறுக்கி, அது நிற்கிற இடத்தில் வேறு நிறத்தில் இன்னொரு கோடு. உப்புக்காற்றில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பூசணும்.

காசிமேடு_300

சிவப்பு எனக்கு, பச்சை அப்பாவுக்கு. பச்சை எதற்கு வாங்கினேன் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.