ஆகஸ்ட்டில் மால்டா: எங்கள் குடும்பக் குழுவில்

மீனா அத்தை: கவிதா, அண்ணனும் அண்ணியும் ஆகஸ்ட்ல உன்னைப் பார்க்க மால்டாவுக்கு வர்றாங்களாமே. ரொம்ப சந்தோஷம்மா. மேப்ல தேடினேன், இத்தாலிக்குக் கீழ ஒரு புள்ளி மாதிரி இருக்கு. ரெண்டு வாரம் சுத்திப் பார்க்க அங்க என்ன இருக்கு?

கவிதா: மால்டா, கோசோ, கொமினோன்னு மூணு தீவையும் சேர்த்தாலே 316 சதுர கிலோமீட்டர்தான் அத்தை. சென்னை மாநகராட்சி மட்டுமே 426. ஆனா பார்க்க ஆரம்பிச்சா ரெண்டு வாரம் பத்தாது.

தினேஷ்: அக்கா, பிரமிடை விடப் பழைய கோயில் அங்கதானே இருக்கு?

கவிதா: ஆமாடா. கோசோவுல ஜிகாந்தியா. கி.மு. 3600 வாக்குல கட்டினது, கீசா பிரமிடுக்கு ஆயிரம் வருஷம் முந்தி. உலோகக் கருவியே இல்லாத காலம். சான்சூனான்னு ஒரு ராட்சசி கைக்குழந்தையோட இந்தக் கல்லையெல்லாம் சுமந்து வந்து கட்டினான்னு ஊர்ல கதை சொல்லுவாங்க.

அம்மா: கைக்குழந்தையை வச்சுக்கிட்டா? அப்ப அது நிச்சயம் பொம்பளை கட்டினதுதான்.

அப்பா: தண்ணி எப்படிம்மா அங்க? ஆறு ஏதாவது ஓடுதா?

கவிதா: வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஒண்ணு கூட இல்லப்பா. இப்ப கடல் தண்ணியைச் சுத்திகரிச்சும் குழாய்ல விடுறாங்க. குளிக்க, துவைக்க சரி, குடிக்க நாங்க பாட்டில்தான் வாங்குறோம். தலைநகர் வலெட்டாவை 1566ல கட்ட ஆரம்பிச்சப்பவே, வீடு கட்டினா மழைத்தண்ணி சேக்க நிலத்தடித் தொட்டி கட்டாயம்னு விதி போட்டிருக்காங்க.

சித்தப்பா: நமக்கு அந்தச் சட்டம் 2003லதான் வந்துச்சு!

கவிதா: இன்னொண்ணு சித்தப்பா. 1902ல வீடுகளுக்குத் தொட்டி வெட்டுறப்போதான் கீழ ஒரு பெரிய குடைவறை இருக்கிறதே தெரிஞ்சது. ஹைபோஜியம்னு சொல்றாங்க. மூணு அடுக்கு, எல்லாம் பாறையைக் குடைஞ்சது. ஏறக்குறைய 7000 பேரோட எலும்புகள் அங்க இருந்துச்சுன்னு கணக்கிட்டிருக்காங்க. மனுஷங்க விடுற மூச்சுக்காத்தும் சூடும் சுவர்ல இருக்கிற சிவப்பு ஓவியத்தைக் கெடுக்கும்னு ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் உள்ள விடுறாங்க.

அப்பா: அதை முதல்ல பதிவு பண்ணிடு.

மீனா அத்தை: பாஷை என்ன பேசுவாங்க?

சித்தப்பா: நான் சொல்றேன். போன வருஷம் கவிதா வீடியோ கால்ல மார்க்கெட்டைக் காட்டினப்போ கடைக்காரர் விலை சொன்னது எனக்கே புரிஞ்சது. குவைத்துல கேட்ட அரபு மாதிரியே இருந்துச்சு.

கவிதா: அரபு வழி வந்ததுதான் சித்தப்பா. எழுதுறது மட்டும் ரோமன் எழுத்துல. இத்தாலிய வார்த்தையும் நிறைய கலந்திருக்கும். ஜனங்க பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆங்கிலமும் ஆட்சிமொழி, அதனால அம்மாவுக்குக் கஷ்டம் இருக்காது. வண்டியும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான். 1964 வரைக்கும் பிரிட்டிஷ்காரன் கையில இருந்த ஊர்.

தினேஷ்: இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவோட ஓவியம் இருக்கிற சர்ச்சுக்குப் பெரியப்பாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. செயின்ட் ஜான் தேவாலயம். 1608ல வரைஞ்சது, அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அதுதான். தலை வெட்டுப்பட்ட யோவானோட (செயின்ட் ஜான்னா அவர்தான்) ரத்தத்துல பேரை எழுதின மாதிரி வரைஞ்சிருப்பார். அதே வருஷம் சண்டையில மாட்டி, சிறையிலிருந்து தப்பி ஓடிட்டார். அந்த ஓவியம் மாட்டியிருந்த கூடத்துலயே கூடி அவரை வீரர் சபையிலிருந்து நீக்கினாங்க.

அம்மா: யாரு இந்த வீரர்கள்?

கவிதா: செயின்ட் ஜான் சபைன்னு ஒரு கிறிஸ்தவப் போர்வீரர் சபைம்மா. ரோட்ஸ் தீவைத் துருக்கியர்கிட்ட இழந்துட்டு வந்தவங்களுக்கு 1530ல ஸ்பெயினை ஆண்ட சார்லஸ் பேரரசர் மால்டாவைக் குடுத்தார். குத்தகை வருஷத்துக்கு ஒரு வல்லூறு. 1565ல துருக்கிப் படை முப்பதாயிரம் பேருக்கு மேல வந்து முற்றுகை போட்டுச்சு. செயின்ட் எல்மோங்கிற ஒரு கோட்டையைப் பிடிக்கவே அவங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. செப்டம்பர்ல படை திரும்பிப் போயிடுச்சு.

கவிதா: எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. எங்க போனாலும் தளபதி வலெட் பேரு, வீரர்கள் பேருதான். அவங்க மொத்தமே சுமார் 500 பேர். சுவர்ல நின்னு சண்டை போட்டவங்கள்ல பெரும்பகுதி உள்ளூர் விவசாயி, மீனவர், கொத்தனார். அவங்க பேரு எங்கயும் இல்ல.

அப்பா: இவ்வளவு சின்னத் தீவுக்கு ஏன்மா இத்தனை போட்டி?

கவிதா: துறைமுகம்பா. ஆழமான இயற்கைத் துறைமுகம், கடலுக்கு நட்ட நடுவுல. வடக்க சிசிலி 90 கிலோமீட்டர் சுமாருக்கு, தெக்க ஆப்பிரிக்கா. யார் இதை வச்சிருக்காங்களோ அவங்களைத் தாண்டிக் கப்பல் போக முடியாது.

சித்தப்பா: 1878ல ரஷ்யாவோட போர் மூளும்னு நம்ம இந்தியச் சிப்பாய்களைக் கூடக் கப்பல்ல அங்க அனுப்பினாங்க. படிச்சிருக்கேன்.

கவிதா: ஆமா சித்தப்பா. ரெண்டாம் உலகப் போர்லயும் அதே துறைமுகம்தான் காரணம். ஜெர்மனியும் இத்தாலியும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பின கப்பல்களை பிரிட்டிஷ்காரங்க இங்கிருந்து அடிச்சாங்க. அதுக்குப் பதிலடியா 1942ல தீவு மேல குண்டு மழை. ஏப்ரல் 9 அன்னைக்கு மோஸ்டா சர்ச் கூரையைத் துளைச்சிக்கிட்டு ஒரு குண்டு உள்ள விழுந்துச்சு. பூசைக்குக் காத்திருந்தவங்க 250க்கு மேல. குண்டு வெடிக்கவே இல்ல.

மீனா அத்தை: கடவுளே! உடம்பு சிலிர்க்குது.

கவிதா: ஒரு வாரத்துல, ஏப்ரல் 15, ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு மக்கள் எல்லாருக்கும் சேர்த்து ஜார்ஜ் சிலுவை விருது குடுத்தார். இப்பவும் கொடியில இருக்கு. ஆனா பட்டினி தீரல. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வார்டுல ஒரு பாட்டி, அப்ப ஸ்கூல் பிள்ளை. பொதுச் சமையல் கூடத்து வாசல்ல பாத்திரத்தோட வரிசையில நின்னதைச் சொல்லுவாங்க. பாறையைக் குடைஞ்ச பதுங்கு அறையில ராத்தூக்கம். மண்ணெண்ணெயும் இல்ல, மாவும் இல்ல.

அப்பா: எப்படித்தான் தப்பிச்சாங்க?

கவிதா: ஆகஸ்ட்ல பிரிட்டன்ல இருந்து தீவுக்கு 14 சரக்குக் கப்பல் கிளம்புச்சு. வழியில 9 மூழ்கிடுச்சு, 5 வந்துச்சு. கடைசியா வந்தது ஒஹாயோ, எண்ணெய்க் கப்பல். அடிபட்டு மூழ்குற நிலைமை. ரெண்டு போர்க்கப்பல் ரெண்டு பக்கமும் கட்டி அணைச்சு இழுத்துட்டு வந்துச்சு. அது துறைமுகத்துக்குள்ள வந்த நாள் ஆகஸ்ட் 15, சாந்தா மரீயா, அதாவது மாதா திருநாள். இன்னைக்கும் அந்தக் கப்பல் தொகுதியை அந்தப் பேராலதான் சொல்றாங்க.

சித்தப்பா: ஆகஸ்ட் 15ஆ! அண்ணே, நீங்க அங்க இருக்கிற நாள்தானே?

கவிதா: அதனாலதான் அந்தத் தேதி பார்த்து டிக்கெட் போட்டேன். மோஸ்டாவுலயும் அன்னைக்குத் திருவிழா. பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, தெரு முழுக்கத் தோரணம். வெடிச்சத்தம் பலமா இருக்கும், அம்மா காதுக்குப் பஞ்சு எடுத்துக்கட்டும்.

அம்மா: சாப்பாடு?

கவிதா: பஸ்தீஸின்னு பஃப்ஸ் மாதிரி ஒண்ணு, பட்டாணி வச்சது கேட்டு வாங்கலாம். முயல் குழம்பு இவங்களுக்கு உயிர், அப்பாவுக்குப் பிடிக்கும்.

அப்பா: அந்த வார்டு பாட்டியைப் பார்க்கலாமாம்மா?

கவிதா: அவங்க வீட்டுல கேட்டுச் சொல்றேன்பா. ஹைபோஜியம் 18ஆம் தேதி காலையில மூணு பேருக்குப் போட்டுட்டேன். உள்ள ஃபோட்டோ எடுக்க விடமாட்டாங்க. 15 அரசு விடுமுறை, கடை நிறைய மூடிடும், அதனால 14ஆம் தேதியே காய்கறி வாங்கிடணும்.