ராகிக் களியும் ஓட்ஸ் பாக்கெட்டும்: உலகச் சந்தையால நம்ம பக்கத்துக்கு வந்தது என்ன, போனது என்ன?

பென்னாகரம்_வாசி:
வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் ஓட்ஸ், நூடுல்ஸ் கிடைக்குது. ராகி விளையுற ஊர்லயே களி கிண்டத் தெரிஞ்ச வீடு குறைஞ்சுக்கிட்டே வருது. உலகமயமாக்கலால நம்ம சாப்பாட்டுக்கு நல்லது அதிகமா, கெடுதல் அதிகமா? இன்னொண்ணு, பாக்கெட் மாவுல களி கிண்டினா கட்டி தட்டுது, கையில ஒட்டுது. எங்க தப்பு?

பாலக்கோடு_சந்தை:
களிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ராகி மாவு 2 டம்ளர்னா நொய்யரிசி அரை டம்ளர், தண்ணி ஐந்தரை டம்ளர், உப்பு. நொய் குழைய வெந்ததும் தீயைக் குறைச்சு, மாவை நடுவுல குவியலாக் கொட்டுங்க. அப்போ கிளறவே கூடாது. துடுப்புக் காம்பால குவியல் நடுவுல ஒரு குழி போட்டா, கொதி அது வழியா மேல வந்து மாவை வேக வைக்கும். மூடி வெச்சு 8, 10 நிமிஷம் விடுங்க. அப்புறம் இறக்கி, பாத்திரத்தை அசையாமப் பிடிச்சு, ஓரத்துல மாவை நசுக்கி நசுக்கிக் கிண்டணும். மறுபடி சிறுதீயில 3 நிமிஷம். ஈரக் கையால தொட்டா ஒட்டாம வரணும், அதான் பதம்.

மாவு போட்ட உடனே கிளறினா, வெளிப்பக்கம் வெந்து தோல் மாதிரி மூடிக்கும், உள்ள மாவு காஞ்சபடியே நிக்கும். கட்டி அதுதான். கையில ஒட்டுனா வேக்காடு பத்தல, இல்ல தண்ணி கூடிப்போச்சு. பாக்கெட் மாவு ரொம்ப நைசு, சீக்கிரம் தண்ணி இழுத்துக்கும். ராகியா வாங்கி, கல் நீக்கி, காய வெச்சு மில்லுல கொஞ்சம் கரகரப்பா அரைச்சுக்குங்க. ராகி முழுசா இருந்தா வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது. மாவாக்கினா ரெண்டு மாசத்துல தீர்த்துடணும்.

காரிமங்கலம்_கேவுரு:
வெளியிலிருந்து வந்தது எல்லாமே கெடுதல்னு சொன்னா களியவே ஒதுக்கணுங்க. ராகியோட பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். தொட்டுக்கற குழம்புல மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க, போர்ச்சுகீசியர் வந்த பிறகு நம்ம நாட்டுக்கு வந்தது. ஆனா அதெல்லாம் விதையா வந்துச்சு. இங்க விதைச்சோம், இங்கயே அரைச்சோம், பக்குவம் நம்ம கையில இருந்துச்சு. ஓட்ஸ் பாக்கெட்டா வருது. அதுல நமக்கு மிச்சம் வெந்நீர் ஊத்தற வேலை மட்டும்தான். எனக்கு வருத்தம் அதுலதான்.

நல்லதும் இருக்கு, மறைக்க வேண்டாம். இந்தியா முன்வெச்ச தீர்மானத்தால ஐ.நா. 2023-ஐ சிறுதானிய ஆண்டா அறிவிச்சது. அதே வருஷம் தர்மபுரி, நீலகிரி ரேஷன்ல அரிசிக்குப் பதிலா கார்டுக்கு 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. ராகி ஆதார விலை 2022-23-ல குவிண்டாலுக்கு 3,578 ரூபாய், 2025-26-க்கு 4,886. சாமை குத்த உலக்கை பிடிச்ச பொம்பளைங்க கை காய்ப்பு மில் வந்ததாலதான் போச்சு. அதே மில்லுல வெள்ளை வெளேர்னு பாலிஷ் போட்டுத் தவிட்டை எடுத்துட்டா சாமைக்கும் பச்சரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மங்கலா, கொஞ்சம் பழுப்பா இருக்கறதை வாங்குங்க. அதுல தவிட்டெண்ணெய் இருக்கறதால சீக்கிரம் காறல் அடிக்கும், கொஞ்சம் கொஞ்சமா வாங்கணும்.

ஹெல்த் மிக்ஸ் வாங்கறவங்க பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. எடை அதிகமானதுதான் முதல்ல எழுதியிருக்கும். சர்க்கரை ரெண்டாவதா இருந்தா அதை ராகி மாவுன்னு நம்பி வாங்காதீங்க.

காவேரிப்பட்டணம்_தோப்பு:
சாப்பாட்டை மட்டும் பேசினா பாதிக் கதைதான். கிருஷ்ணகிரி பெங்களூரா மாம்பழம் கூழாகி, 215 கிலோ டிரம்ல வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகுது. அந்த வாசல் இல்லாம இவ்வளவு தோப்பு இங்க வந்திருக்காது. ஆனா வெளிநாட்டு ஆர்டர் தாமதமாகி, போன வருஷ டிரம் குடோன்ல தேங்கிட்டா, ஆலைக்காரங்க இந்த வருஷம் காயைக் குறைச்சுத்தான் எடுப்பாங்க. 2025 பருவத்துல விலை சரிஞ்சப்போ பறிகூலி, வண்டி வாடகைக்கே கட்டாம காய் மரத்துலயே நின்னது.

தோப்பு முழுக்க ஒரே ரகமா வெச்சதுதான் இதுல பெரிய ஆபத்து. மூணுல ஒரு பங்கு மரத்தைக் காய் முடிஞ்சதும் கிளை வெட்டி, வெட்டுவாயில காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்க. புதுத்துளிர்ல நல்லதா நாலஞ்சு மட்டும் விட்டு, பென்சில் கனம் வந்ததும் செந்தூராவோ இமாம்பசந்தோ ஒட்டுக் கட்டலாம். ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரைக் கிள்ளாம விட்டா பழைய ரகமே மேல ஏறிடும், பல பேர் தவறவிடறது அங்கதான். மூணாம் வருஷம் காய் பார்க்கலாம். அது உள்ளூர்ச் சந்தைக்கே போகும்.

பென்னாகரம்_வாசி:
ரொம்ப நன்றிங்க. மீந்த களியை என்ன பண்றது?

பாலக்கோடு_சந்தை:
உருண்டை முங்கற அளவு தண்ணி ஊத்தி ராத்திரி வெச்சுடுங்க. காலையில கையால கரைச்சு, மோர், உப்பு, நறுக்கின சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம். கோடையில ராத்திரி தாண்டி மதியம் வரைக்கும் வெச்சா புளிச்சுடும், காலையிலயே முடிச்சுடுங்க.