“ரெடி”ன்னு யாருங்க சொல்றது? மெர்ஜ் முதல் பெக்ட்ரா வரை நாம் பார்த்தது: கிரிப்டோ அப்கிரேடுகள் பற்றி மூன்று ஊரிலிருந்து மூன்று பேர்

திருப்பூர்

எங்க மாமாவுக்குச் சாயப்பட்டறை. எத்தீரியம் நெட்வொர்க்கின் கிரிப்டோ காசான ஈதர் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். 2022-இல் எத்தீரியம் மெர்ஜ், அதாவது மைனிங்கை விட்டு, ஈதர் கட்டிவைத்த வேலிடேட்டர்கள் பிளாக் சரிபார்க்கும் முறைக்கு மாறுகிற பேச்சு சூடானதும் போன் மேல் போன்: “ஏனுங் மாப்ள, தேதி யாரு குறிக்கிறாங்க?”

காலண்டரில் தேதியே இல்லை என்றால் மனுசன் நம்ப மாட்டேன் என்கிறார். மைனிங் என்பது கம்ப்யூட்டர்கள் போட்டிபோட்டுக் கணக்கிட்டு, பரிவர்த்தனைகளை பிளாக் பிளாக்காகச் சேர்ப்பது; அந்தக் கணக்கின் கடினம்தான் டிஃபிகல்ட்டி. அது மொத்தமாகக் கூடி ஒரு எண்ணைத் தொட்டதும் தானாக மாறிக்கொள்ளும். மைனர்கள் குறைந்தால் நாளும் தள்ளிப்போகும். அந்த எண்ணை டெவலப்பர்கள் முடிவு செய்ததே ரோப்ஸ்டன், செபோலியா, கோர்லி என்று மூன்று டெஸ்ட்நெட்டிலும் (நிஜப் பணம் இல்லாத சோதனை நெட்வொர்க்) மாற்றிப் பார்த்த பிறகுதான்.

“லேப் டிப் ஓகே ஆகாம பல்க் போடுவீங்களா மாமா?” என்றேன். லேப் டிப் என்றால் சின்னத் துணியில் சாயம் ஏற்றிப் பார்க்கும் சாம்பிள். பிடிபட்டது. ஆனால் அவர் விடவில்லை. “லேப் டிப்புக்கு பையர் ஓகே சொல்லோணும். இங்க பையர் யாரு?”

நல்ல கேள்வி. நோடு, அதாவது நெட்வொர்க்கின் மென்பொருளைத் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற அத்தனை பேரும்தான். டெவலப்பர் என்னதான் எழுதினாலும், புது வெர்ஷனை இவர்கள் போடாவிட்டால் அது வெறும் காகிதம்.

செப்டம்பர் 15, பகல் 12.12. நம்ம ஊர் நேரம்தான். மாமா பட்டறையில் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாக் வந்தது, அடுத்ததும் வந்தது. “என்னங் மாப்ள, இவ்ளோதானா?”

கோவை, சரவணம்பட்டி

பிட்காயின் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மாமாவுக்கும் காட்டுங்கள். 2015 ஜூலை 4. கடைசி 1000 பிளாக்கில் 950 “நாங்க தயார்” என்று அடையாளம் காட்டியதால் புது விதி அமலுக்கு வந்தது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு சின்ன மைனர் பழைய முறையில் பிளாக் போட, பெரிய பூல்கள் (மைனர்கள் கூட்டுச் சேர்ந்த குழுக்கள்) சில அதைச் சரிபார்க்காமலே அதன்மேல் அடுக்கிக்கொண்டே போயின. ஆறு பிளாக் வீண். அடையாளம் காட்டுவதற்கு ஒரு எண்ணை மாற்றினால் போதும். சரிபார்க்க வேலை செய்ய வேண்டுமே! அப்போது வாலட்டில் பணம் எதிர்பார்த்தவர்களை, வழக்கத்தைவிட 30 கன்ஃபர்மேஷன் (மேலே ஏறும் ஒவ்வொரு பிளாக்கும் ஒன்று) கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னார்கள். அன்றைக்கே 95 சதவீதத்தின் மேல் எனக்கு மரியாதை போய்விட்டது. டேப்ரூட் என்ற பிட்காயின் அப்கிரேடுக்கு 2021-இல் 90 சதவீதம் கேட்டார்கள்; ஜூனில் அது கிடைத்தும் நவம்பர் வரை பொறுத்துத்தான் அமல்படுத்தினார்கள். அந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்தது.

ஈரோடு

நான் எத்தீரியத்தின் ஹோல்ஸ்கி டெஸ்ட்நெட்டில் வேலிடேட்டர் ஓட்டினேன். சும்மா கிடைக்கிற ஈதர், தைரியமாக விளையாடலாம். 2025 பிப்ரவரி 24-இல் பெக்ட்ரா அப்கிரேடு அங்கே இறங்கியது. ஃபைனலைஸ் ஆன, அதாவது இனி மாறாது என்று உறுதியான பிளாக் எண் அப்படியே நின்றுவிட்டது, அதற்கு மேலே பிளாக் மட்டும் ஏறிக்கொண்டே போனது. கெத், நெதர்மைண்ட், பெசு என்ற மூன்று கிளையண்டிலும் (நோடு ஓட்டும் மென்பொருள்), வேலிடேட்டர்கள் ஈதர் கட்டும் டெபாசிட் காண்ட்ராக்ட் முகவரி அந்த நெட்வொர்க்குக்குத் தப்பாக இருந்திருக்கிறது. பெரும்பாலானோர் ஓட்டியது அவற்றைத்தான். ஆக, தப்பான பிளாக்குக்கே மெஜாரிட்டி! ஹோல்ஸ்கி நிமிர இரண்டு வாரம் போல ஆனது. அதற்காக அவசரப்படவில்லை, ஹூடி என்று புதிதாக ஒரு டெஸ்ட்நெட்டே கட்டி, அதிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு மே 7-இல்தான் நிஜப் பணம் ஓடும் மெயின்நெட்டுக்கு வந்தார்கள்.

சரவணம்பட்டிக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் தயார் என்று மட்டும் எண்ணாதீர்கள், அவர்கள் எந்த கிளையண்ட் ஓட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். நான் கெத்தை விட்டு ரெத் என்ற வேறு கிளையண்டுக்கு மாறியாச்சு. இங்கே வேறு யாராவது ஹூடியில் ஓட்டுகிறீர்களா? கிளையண்ட் பேரோடு சொல்லுங்க.