வியாசர்பாடி பட்டறைக்கு வந்த அமார்ஃபஸ் கோர்

நான் வேலை பார்ப்பது டிரான்ஸ்பார்மர் ரீவைண்டிங் பட்டறையில். எங்களிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் சிலிக்கான் ஸ்டீல் கோர்தான் (கோர் என்பது கம்பிச்சுருளுக்கு நடுவே இருக்கும் காந்த உலோகம்). ஒருமுறை அமார்ஃபஸ் கோர், அதாவது அணுக்கள் படிகமாக வரிசைகட்டாத உலோகத்தில் செய்தது, போட்டது வந்தது. எண்ணெயை வடியவிட்டுப் பார்த்தால், தகடுகளே இல்லை. சுமார் 25 மைக்ரான் கனத்தில் பளபளவென்று ரிப்பன், அடுக்கடுக்காக. ஓரம் பட்டால் கை கிழியும்.

வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு துண்டை மடக்கினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. "அண்ணே, சூட்டுல கெட்டுப்போச்சா?" என்றேன். "இல்லப்பா, புதுசுலயே இப்படித்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு ஆறவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் நண்பரிடம் அந்தத் துண்டைக் கொடுத்து எக்ஸ்ரே விளிம்பு விளைவு (அணுக்களின் அடுக்கைக் காட்டும் சோதனை) எடுக்கச் சொன்னேன். சூட்டில் கெட்டிருந்தால் உள்ளே படிகம் முளைத்திருக்கும்; படிகம் இருந்தால் வரைபடத்தில் கூர்மையான முகடுகள் வரும். வந்ததோ அகலமான ஒரே மேடு. அண்ணன் சொன்னதுதான் சரி.

உருக்கிய இரும்பு, சிலிக்கான், போரான் கலவையைச் சுழலும் செப்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சித்தான் இந்த ரிப்பனை எடுக்கிறார்கள். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில் குளிர்வதால் அணுக்கள் வரிசைகட்ட நேரமே கிடைப்பதில்லை. 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் போல் டுவெஸ் குழு தங்கம்–சிலிக்கான் கலவையில் இதை முதலில் காட்டியது. படிக எல்லைகள் இல்லாததால் காந்தத் திசை சுலபமாகத் திரும்பும். நோ-லோட் லாஸ் (லோடு இல்லாதபோதும் கோரில் வீணாகும் மின்சாரம்) 70% வரைகூடக் குறைகிறது. அப்புறம் கோர் செய்யும்போது 350 டிகிரி பக்கம் காந்தப்புலத்தில் வைத்துப் பதப்படுத்துவார்கள். உள் இறுக்கம் தளர்ந்து, அணுக்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரும். ரிப்பன் நொறுங்குவது அதனால்தான். அப்போதும் அது படிகமில்லாத கண்ணாடி நிலையில்தான் இருக்கிறது.

படிகமாவது 500 டிகிரியைத் தாண்டும்போது. முதலில் இரும்புப் படிகங்கள் முளைக்கும், பிறகு போரைடுகள் (இரும்பும் போரானும் சேர்ந்த சேர்மங்கள்). காந்த இழப்பு எகிறிவிடும். மறுபடி உருக்கினால் ஒழிய பழைய நிலை திரும்பாது. சிலிக்கான் ஸ்டீலை 800 டிகிரியில் பதப்படுத்தும் பழக்கத்தில் இதையும் அதே அடுப்பில் வைத்தாலோ, பழைய இன்சுலேஷனை எரிக்க டார்ச் காட்டினாலோ கோர் போச்சு. இதை ரீவைண்டிங் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பையனுக்கும் முதலிலேயே சொல்லித்தர வேண்டும்.

நாங்கள் இன்சுலேஷனைக் கையாலேயே உரித்து, உதிர்ந்த செதில்களை வாக்குவம் போட்டு எடுத்தோம். ஒரு செதில் காயிலுக்குள் போனாலும் ஷார்ட் ஆகலாம். இந்த கோரில் வேலை செய்தவர்கள் செதில் உதிராமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.